பருப்பு வேகாத தண்ணீர்

2019 ஜூன் மாதம், விடியற்காலை நாலரை மணி. லாரி வரப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, பாலவாக்கத்தில் எங்கள் தெருவில் நானும் அம்மாவும் ஆறு குடங்களை வரிசையில் போட்டுவிட்டு எதிர்வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தெருவின் கிழக்கு முனையில் கடல். அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அம்மா ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “இவ்ளோ தண்ணி அங்க கெடக்கு. விடிஞ்சா இவ்ளோ வெயில் இங்க கொளுத்துது. ரெண்டையும் சேர்த்து ஒரு குடம் நல்ல தண்ணி எடுக்க முடியாதா? நீ பசங்களுக்கு இதைத்தானே சொல்லித் தர்ற?” நான் ஒரு பாலிடெக்னிக்கில் பதினைந்து வருஷமாக வெப்பவியல் எடுக்கிறேன். அந்தக் காலையில் என்னிடம் பதில் இல்லை. லாரியும் ஏழு மணிக்குத்தான் வந்தது.

அந்த வருஷம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதையோ, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததையோ இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கதை அதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது. போர் தண்ணீர் மெல்ல மெல்ல உப்பாகிக்கொண்டு வந்தது. கரையோர மணலில் மழைத் தண்ணீர் இறங்குவதைவிட நாம் உறிஞ்சுவது அதிகமானால் கடல் உள்ளே நகர்ந்து வரும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பல பத்தாண்டுகளாக நடப்பது அதுதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை எங்கள் வீட்டில் விட்டுப் பார்த்தால், லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டியது. அம்மாவுக்கு மீட்டர் தேவைப்படவில்லை. அவளுடைய மீட்டர் துவரம்பருப்பு. குக்கரில் எட்டு விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாகக் கையில் உருளும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் சதையில் இறுகிப் பிடித்துக்கொள்வதால் அப்படி. “பருப்பு வேகாத தண்ணியை மனுஷன் குடிக்கலாமா?” என்பாள். இதைவிடக் கச்சிதமான தரக் கட்டுப்பாட்டை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை.

சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் வந்தன. நெம்மேலியின் இரண்டாவது நிலையம் 15 கோடி லிட்டர், 2024இல் வந்தது. பேரூரில் 40 கோடி லிட்டருக்குக் கட்டுகிறார்கள். எல்லாமே ஆர்ஓ. கடல்நீரைப் பெரும் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளும் வேலை. ஆனால் அம்மா கேட்டது அதைப் பற்றி அல்ல. வெயிலையும் கடலையும் நேரடியாகச் சேர்ப்பதைப் பற்றி. அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கண்ணாடிப் பெட்டி

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். கறுப்புப் பூசிய தட்டு, மேலே சரிந்த கண்ணாடி, உள்ளே கடல்நீர். வெயிலில் ஆவியாகும், கண்ணாடியின் உள்பக்கத்தில் வியர்க்கும், வழிந்து ஓரத்துக் குழாயில் சேரும். அரை சதுர மீட்டர்ப் பெட்டி. மே மாத வெயிலில் ஒரு முழு நாள் காத்திருந்து கிடைத்தது ஒன்றேகால் லிட்டர். பெட்டியில் குறையொன்றும் இல்லை. 1872இல் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்ற சுரங்க ஊரில், 4,000 சதுர மீட்டருக்கும் மேலாக இதே மாதிரி கண்ணாடி விரித்து நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். அந்தப் பாலைவன வெயிலிலேயே சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர்தான்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான காரணம் நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதும் ஒரு சொல்லில் இருக்கிறது: உள்ளுறை வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். சென்னையில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு நாளைக்கு விழும் வெயில் சுமார் 5 யூனிட். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாமல் எல்லாவற்றையும் தண்ணீருக்கே கொடுத்தாலும் எட்டு லிட்டரைத் தாண்டாது. கண்ணாடிப் பெட்டியில் பாதிக்கு மேல் வெளியே போய்விடுகிறது. தவிர, ஆவி கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகும்போது தான் வாங்கிய வெப்பம் முழுவதையும் கண்ணாடியிடம் திருப்பிக் கொடுக்கிறது. கண்ணாடி அதைக் காற்றில் விட்டுவிடுகிறது. வாங்கின கடனைத் திருப்பித் தர வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுகிற மாதிரி. இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், பரீட்சைக்குக் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். மாடியில் அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காற்றைச் சுமக்க வைப்பது

ஆவியாக்குவதையும் குளிரவைப்பதையும் ஒரே பெட்டியில் செய்யாமல் இரண்டாகப் பிரித்து, நடுவில் காற்றைச் சுமை தூக்க வைக்கும் முறை ஒன்று உண்டு. காற்றை ஈரமாக்கி, பிறகு அந்த ஈரத்தைப் பிழிவது. பெயர் பெரிதாக இருந்தாலும் இரண்டு பாதியும் நமக்குப் பழக்கமானவை. முதல் பாதி, கோடையில் ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளிக்கும் வெட்டிவேர்த் தட்டி. இரண்டாவது பாதி, ஏசியின் வெளிக்குழாயிலிருந்து இரவெல்லாம் சொட்டி வாளியை நிரப்பும் தண்ணீர். இந்த இரண்டுக்கும் நடுவே சூரியனை வைக்க வேண்டும், அவ்வளவுதான். காரணம், காற்று சூடாக ஆக அது சுமக்கும் ஈரம் தாறுமாறாகக் கூடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர்க் காற்று அதிகபட்சம் 30 கிராம் தண்ணீர் சுமக்கும். 60 டிகிரியில் 130 கிராம். 70 டிகிரியில் 200 கிராமுக்குப் பக்கம். சூடான உப்புத் தண்ணீரில் காற்றை நனைத்து எடுத்து, குளிர்ந்த குழாயில் தொட வைத்தால் வித்தியாசம் முழுவதும் நல்ல தண்ணீராகக் கொட்டும். கொதிக்க வைக்க வேண்டாம், வெற்றிடம் வேண்டாம், சவ்வு வேண்டாம், பெரிய அழுத்தமும் வேண்டாம். 70, 80 டிகிரிக்குள் எல்லாம் நடப்பதால் பிளாஸ்டிக் டிரம்மே தாங்கும்.

இதற்கு உறவுக்கார முறை ஒன்றைச் செய்துகாட்டியவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் நிலையத்தை நிறுவியது. அங்கே மேல்மட்டக் கடல்நீரின் சூடு ஆவியாக்குகிறது, 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த 12 டிகிரித் தண்ணீர் குளிரவைக்கிறது. காற்றுக்குப் பதில் வெற்றிடம். கவரத்திக்குப் பக்கத்திலேயே ஆழம் இருக்கிறது. நம் கடலில் அந்த ஆழத்துக்குக் கரையிலிருந்து வெகுதூரம் போக வேண்டும். ஆகவே எனக்கு மாடியும் வெயிலும்தான்.

இரண்டு நீல டிரம் வாங்கினேன். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, மேலும் கீழும் நாலங்குலக் குழாயால் இணைத்தேன். முதல் டிரம்முக்குள் தேங்காய் நாரைச் சிக்கெடுத்துத் தளர்வாக அடைத்தேன். அதன் தலைமாட்டில் ஒரு பாத்ரூம் ஷவர். இரண்டாவது டிரம்முக்குள் செம்புக் குழாயைச் சுருட்டி நிறுத்தினேன். பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் அந்தக் குழாயை வாங்கியபோது கடைக்காரர், “ஏசி வேலையாம்மா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். வெப்பத்துக்கு வீட்டில் ஏற்கெனவே இருந்த சோலார் ஹீட்டர், இரண்டு சதுர மீட்டர். அதன் தொட்டிக்குள் ஒரு ஸ்டீல் குழாய்ச் சுருளை இறக்கி, உப்புத் தண்ணீர் அதற்குள் மட்டும் ஓடும்படி செய்தேன். ஒரு கூலர் பம்ப் தண்ணீரை மேலேற்றும், கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்று காற்றைச் சுற்றவிடும். கடல்நீர் தெருமுனையிலிருந்து கேனில் வந்தது.

முதல் நாள் ஒரு சொட்டுக்கூட உருப்படியாக வரவில்லை. செம்புச் சுருளைக் குளிரவைக்க மாடியிலுள்ள டேங்க்கிலிருந்து தண்ணீர் விட்டிருந்தேன். மே மாதம் பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் டேங்க் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். டேங்க்கை மறந்துவிட்டு, கீழே சம்ப்பிலிருந்து எடுத்த தண்ணீரை நிழலில் ஒரு டிரம்மில் வைத்து விட்டேன். அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். மூன்று லிட்டரை ஆவியாக்க 2 யூனிட் போதும். ஹீட்டர் எனக்குச் சேர்த்துக் கொடுத்ததோ ஏறக்குறைய 5 யூனிட். மீதி எங்கே போனது என்று நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே ஒரு வாரம் போனது. காற்று கசிகிறதா, டிரம்மின் சுவர் சூட்டை விடுகிறதா என்று சணல் சாக்கைச் சுற்றிக் கட்டினேன், இடுக்குகளை அடைத்தேன். நாலு லிட்டர் ஆனது.

அம்மாவின் கால்

அம்மா வடாம் காயப்போட மாடிக்கு வந்தாள். பத்தரை மணி இருக்கும். வெள்ளைத் துணியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, வடாம் பிழிந்து முடித்துவிட்டு, கை கழுவ வடிகால் பக்கம் போனவள் சட்டென்று காலை எடுத்தாள். செம்புச் சுருளைக் குளிரவைத்து வெளியே வரும் தண்ணீரை நான் அந்த வடிகாலில்தான் விட்டிருந்தேன். அம்மா குனிந்து குழாய் முனையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, “ஏன்டி, குளிக்கிற ஹீட்டரையும் நீயே எடுத்துக்கிட்ட. வர்ற வெந்நீரையும் சாக்கடைல விடுற. அந்தப் பக்கம் பச்சைத் தண்ணிய எடுத்து மறுபடி சுட வைக்கிற. இதை அங்க ஊத்துனா ஆவாதா?” என்றாள்.

நான் நோட்டை மூடினேன். உள்ளுறை வெப்பம் என்று பதினைந்து வருஷமாக நான் சொல்லிவந்தது அம்மாவின் உள்ளங்கையில் சுட்டுக்கொண்டிருந்தது. ஆவி செம்புக் குழாயின் வெளிப்பக்கத்தில் தண்ணீரானபோது கொடுத்த வெப்பம்தான் அது. ஆவியாக்கச் செலவாகிவிட்டது என்று நோட்டில் நான் எழுதிய யூனிட்டெல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறையின் உயிரே அந்த வெப்பத்தைத் திரும்ப வாங்குவதில்தான் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். முதலில் ஓடவைப்போம், அதை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். அடுத்த கட்டம் என்று ஒன்று கிடையாது, அதுதான் மொத்தமும் என்று எனக்குப் புரிந்தது அந்த வடிகால் ஓரத்தில்தான். சமையலறையில் அம்மா இதை வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறாள். சோறு வடித்த கஞ்சியின் சூட்டில் ஒரு கிண்ணம் எண்ணெயை உருக வைப்பாள். அணைத்த அடுப்பின் மேல் பால் பாத்திரத்தை ஏற்றி வைப்பாள். சூடு என்பது காசு, அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று மாலையே குழாய்களைப் பிரித்து மாட்டினேன். குளிரவைக்கத் தனித் தண்ணீர் கிடையாது. கடல்நீரே முதலில் செம்புச் சுருளின் அடியில் நுழைந்து, ஆவியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறும். கதகதப்பாகி வெளியே வந்து ஹீட்டருக்குள் போய் மிச்சச் சூட்டை வாங்கும். அப்புறம் ஷவர் வழியாகத் தேங்காய் நாரில் இறங்கும். காற்று நாரின் வழியே மேலே ஏறி, மறு டிரம்மில் கீழே இறங்கி, மறுபடி வரும். கடல்நீரை ஓடவிடும் வேகத்தை நாலு நாள் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். வேகமாக விட்டால் தண்ணீர் சூடேறாமல் வருகிறது, மெதுவாக விட்டால் காற்றுக்குப் போதவில்லை. ஐந்தாவது நாள் எட்டரை லிட்டர். அதை ஆவியாக்க ஐந்தரை யூனிட் வேண்டும். சூரியன் கொடுத்தது ஐந்துதான். அந்த அரை யூனிட், ஏற்கெனவே வேலை செய்து முடித்த வெப்பம் திரும்ப வந்து செய்த வேலை. நல்ல பொறியாளர்கள் கட்டும் கருவிகளில் ஒரே வெப்பம் இரண்டு, மூன்று முறை வேலை செய்யும். என்னுடையது ஒரு முறைக்குச் சற்றே அதிகம். எனக்கு அந்தச் சற்றே அதிகம் போதும் என்று தோன்றியது.

கணக்கு என்ன சொல்கிறது

என்னிடம் படித்த பையன் ஒருவன் சோலார் பேனல் பொருத்தும் வேலையில் இருக்கிறான். மாடிக்கு வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். “மேடம், தப்பா நினைக்காதீங்க” என்று தொடங்கினான். ஒரு சதுர மீட்டர் பேனல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கரண்ட் கொடுக்கும். பெரிய ஆர்ஓ நிலையத்தில் 1,000 லிட்டர் கடல்நீருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். அப்படியானால் அந்த ஒரு சதுர மீட்டரிலிருந்து 250 லிட்டர். உங்கள் டிரம்மில் சதுர மீட்டருக்கு நாலேகால் லிட்டர். அவன் சொன்னது சரி. நெம்மேலியின் முதல் நிலையம் தரும் 10 கோடி லிட்டரை என் முறையில் எடுக்க 23 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஹீட்டர் வேண்டும். ஆவியாக்குவது என்றாலே ஒவ்வொரு துளிக்கும் அந்தப் பெரிய வெப்பத்தைக் கொடுத்தாக வேண்டும், சவ்வுக்கு அந்தச் செலவு இல்லை. இதைச் சுற்றிவளைத்துப் பேசிப் பயனில்லை. சென்னை நகரத்தின் தாகத்துக்கு இது பதில் அல்ல.

ஆனால் அந்த 250 லிட்டர் ஒரு பெரிய நிலையத்தின் கணக்கு. அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் இயந்திரம், நாள் முழுக்கக் கவனிக்கும் ஆட்கள், மருந்து போட்டு வடிகட்டும் ஏற்பாடு எல்லாம் இருந்தால்தான் அது. 60 மடங்கு காற்றழுத்தத்தில் ஓடும் பம்ப்பை ஒரு மீனவக் குப்பத்தில் வைத்துவிட்டு வந்தால், சவ்வு அடைத்த அன்று அது பூட்டுப் போட்ட அறையாகிவிடும். அந்த மாதிரி அறைகளை ஈசிஆர் நெடுக நான் பார்த்திருக்கிறேன். என் டிரம்மில் நார் உப்புப் பூத்து வெள்ளையாகிவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு நார் அடைக்கலாம், அரை மணி நேர வேலை. மரக்காணம் வழியாகப் போகும்போதெல்லாம் உப்பளத்தில் பாத்தி ஓரமாக வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் கண்ணில் படும். அவர்கள் வெயிலையும் கடலையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்கள். உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் காற்றோடு விடுகிறார்கள், குடிக்கிற தண்ணீரை ஊரிலிருந்து சுமந்து வருகிறார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் பொங்கவும் நாளுக்கு இருபது லிட்டர் கிடைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு இடமும் இருக்கிறது. சவ்வு ஓர் எல்லையில் நின்றுவிடும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அது 70 கிராமைத் தாண்டும்போது வழக்கமான ஆர்ஓவால் அதற்கு மேல் தள்ள முடியாது. மிஞ்சும் அந்தக் கெட்டி உப்புத் தண்ணீர்தான் பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கும், 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் மூடிக் கிடந்த திருப்பூர்ச் சாயப் பட்டறைகளுக்கும் தீராத தலைவலி. சூடான தண்ணீரில் காற்றை நனைக்கும் முறைக்கு உப்பு எவ்வளவு இருந்தாலும் பெரிய கவலை இல்லை. உப்புப் படிகமாக இறங்கும் எல்லை வரைக்கும் தண்ணீரைப் பிரிக்கும். அமெரிக்காவில் எம்ஐடியில் ஜான் லீன்ஹார்டின் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. என் செம்புச் சுருளில் நான் பட்ட சிரமத்துக்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. குளிர்ந்த குழாயின் மேல் காற்று ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு ஆவியை நெருங்கவிடாது. நீளமான குழாய் தேவைப்படுவது அதனால்தான். அவர்கள் குழாய்க்குப் பதிலாக, ஈரக் காற்றைக் குளிர்ந்த நல்ல தண்ணீருக்குள்ளேயே குமிழி குமிழியாக விடுகிறார்கள். ஒவ்வொரு குமிழியின் தோலும் குளிரவைக்கும் சுவராகிவிடுகிறது. மீன் தொட்டியில் குமிழி விடும் கல்லை வைத்து அடுத்த கோடையில் இதைச் செய்து பார்க்கப் போகிறேன். நம் ஊர்த் தோல் ஆலைகளின் கழிவுத் தண்ணீருக்கு, நம் ஊர் வெயிலில், நம் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருக்கிறது. இந்த வருஷம் மூன்று மாணவர்கள் இதையே புராஜெக்டாக எடுத்திருக்கிறார்கள்.

எட்டரை லிட்டர் வந்த அன்று சாயங்காலம் மீட்டரை விட்டேன். 18 காட்டியது. அம்மாவிடம் ஒரு சொம்பு கொடுத்தேன். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, “சப்புன்னு இருக்கு” என்றாள். தாது உப்பு எதுவும் இல்லாத தண்ணீர் அப்படித்தான் இருக்கும். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி துவரம்பருப்பை எடுத்துக் களைந்தாள். குக்கரை எடுக்கவில்லை. பழைய வெண்கல உருளியை அடுப்பில் ஏற்றி, அந்தத் தண்ணீரை ஊற்றி, மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பு முன்னாலேயே நின்றோம். அரை மணி நேரம் கழித்துக் கரண்டியில் இரண்டு பருப்பை எடுத்து, ஊதி, விரலால் நசுக்கினாள். மசிந்தது. கரண்டியை என் பக்கம் நீட்டினாள், நானும் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன்.

“நாளைக்கு ரெண்டு சொம்பு எடுத்து வை,” என்றாள். “சாம்பார் வைக்கணும்.”